மலம் அடங்கா நோயும் அதன் சிகிச்சையும்

(மயிலாப்பூரில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் பேசப் புகும் விஷயம் சபையில் எடுத்துரைக்கத் தக்கதன்று என்று சிலர் கருதக்கூடும். காரியதரிசி அவர்களிடம் தலைப்பைச் சொன்னபோது அவர் சற்றுத் தயங்கி, "குடல் ஆரோக்கியம் என்று போட்டுக்கொள்ளலாமா?" என்று வினவினார். அவ்வாறு அச்சிட்டால் கீரையையும் மோரையும் பற்றிய பிரசங்கமென்று எண்ணிக் கேட்கவேண்டியவர்கள் வராமற்போவர் என்று சொல்லி, உள்ளதை உள்ளபடியே அச்சிடச் செய்தோம். மலத்தை அடக்க இயலாமல் தவிக்கும் நோயைப் பற்றியும், அதற்கென்று கற்றுக்கொடுக்கப்படும் இடுப்படித் தசைப் பயிற்சி பலன் தராதபோது மேற்கொண்டு செய்யத்தக்கவை யாவை என்பதைப் பற்றியுமே பேசப் போகின்றோம்.

நாம் வைத்தியம் கற்றவரல்லோம். கணக்கு உத்தியோகத்தில் 35 ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்று, கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்துக்கு அண்மையில் பழைய வீடொன்றில் வசித்து வருகின்றோம். இந்நோயைப் பற்றி நாம் அறிந்துகொண்டதெல்லாம் எமது தாயாரின் பொருட்டு அறிந்துகொண்டதேயாம். அவருக்கு வயது 78. அவர் கதையை இங்கே சொல்வதற்கு அவரிடமே அனுமதி கேட்டோம். "எல்லாவற்றையும் சொல்லு. இன்னொருத்தி என்னைப்போல ஆறு வருஷம் ஒளிந்துகொண்டிருக்க வேண்டாம்" என்றார். அவர் இன்று இக்கூட்டத்துக்கு வரவில்லை. வராத காரணத்தை முடிவிற் சொல்வோம்.

விடியற்காலையில் கோயிலுக்குப் போய் வருவது எமது தாயாருக்குப் பல்லாண்டுப் பழக்கம். எழுபது வயதைத் தாண்டியபின் அது ஒருநாள் நின்றது. முழங்கால் வலி என்றார், நம்பினோம். பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் எழுந்தருளும் நாளில் வடக்கு மாடவீதியில் நின்று தரிசிப்பதை ஒருகாலும் தவறவிடாதவர், கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார், அதையும் நம்பினோம். தியாகராயநகரில் நெருங்கிய உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு வரவில்லை. பின்னர்ப் பூஜையறையில் விளக்கேற்றுவதை மருமகளிடம் ஒப்புவித்துவிட்டார். இரவு மூன்று மணிக்குக் கொல்லைப்புறத்தில் குழாய் ஓடும் சத்தம் கேட்டு நாம் எழுந்துபோய்ப் பார்த்தபோதுதான், அவர் தம் புடைவையைத் தாமே அலசிக்கொண்டிருப்பதைக் கண்டோம்.

கண்டபின்னும் நாம் உணர்ந்தோமா என்றால் இல்லை. ஒருநாள் விருந்தினர் வந்திருந்த வேளையில் கூடத்து நாற்காலியிற் கறை பட்டுவிட்டது. "சற்று முன்னாலேயே எழுந்து போகக்கூடாதா, அம்மா?" என்று பலர் முன்னிலையில் உரத்துக் கேட்டோம். அவர் பதிலொன்றும் சொல்லவில்லை. அதன்பின் ஏழு மாதகாலம் விருந்தினர் இருக்கையில் அவர் கூடத்துக்கு வந்ததில்லை. இதைச் சபையிற் சொல்வது நமக்குப் பெருமையன்று. எனினும் இத்தகைய வார்த்தை பல வீடுகளில் சொல்லப்பட்டிருக்கும் என்று எண்ணியே சொல்கின்றோம்.

இந்நோய் அபூர்வமானதன்று. பல தேசங்களிலும் எடுக்கப்பட்ட கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வீட்டில் வசிக்கும் வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு ஏதேனும் ஓரளவில் இத்தொல்லை உண்டு என்கின்றனர். இக்கூடத்தில் இப்போது சுமார் 150 பேர் அமர்ந்திருக்கின்றோம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். யாரும் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நிற்க. தேகத்தில் இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொண்டாலன்றிச் சிகிச்சை விளங்காது. ஆசனவாயைச் சுற்றித் தசை வளையங்கள் இரண்டு உள. உள் வளையம் நம் இச்சைக்குக் கட்டுப்பட்டதன்று; நாம் உறங்கும்போதும் அது தானே இறுகி நின்று காவல் புரியும். வெளி வளையம் நம் சொற்படி நடப்பது. அவசரம் வந்த சமயத்தில் இறுக்கிப் பிடிப்பது அதுவே. இவற்றுக்கு மேலே மலக்குடலை முன்புறமாக இழுத்துப் பிடிக்கும் ஒரு தசை, கவண்வார் போல் அமைந்திருக்கின்றது. வந்திருப்பது காற்றா, நீரா, கட்டியா என்று பகுத்தறியும் உணர்ச்சி நரம்புகளும் உண்டு. முதுகெலும்பின் அடியிலுள்ள திரிகத்திலிருந்து புறப்படும் நரம்புகளே இவற்றை ஆள்கின்றன. இவையனைத்தும் பழுதின்றி இருந்தாலும், மலம் நீராகிவிட்டால் அடக்குவது கடினம். தசை, நரம்பு, உணர்ச்சி, குடலின் கொள்ளளவு, மலத்தின் பதம் ஆகிய இவ்வைந்தில் எது கெட்டது என்று அறியாமற் செய்யும் சிகிச்சை இருட்டில் ஊசி தேடுவதாகும்.

காரணங்களிற் பிரதானமானது பிரசவம். குழந்தை வெளிவருகையில் கிழிவு ஆசனவாய்த் தசைவரை செல்லுமாயின், அதிலும் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்குமிடத்து, வளையம் அறுபடக்கூடும். இளமையில் மற்றத் தசைகள் அக்குறையை ஈடுசெய்துகொண்டு போகும். மாதவிடாய் நின்று, வயதும் ஏறித் தசை தளர்ந்தபின், நாற்பது ஆண்டுக்கு முன் பட்ட காயம் தன் கணக்கைத் தீர்க்க வருகின்றது. மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் செய்த ரணசிகிச்சை, பக்கவாதம், முதுகுத்தண்டில் அடி, மலக்குடல் வெளித்தள்ளுதல், அடிவயிற்றுப் புற்றுக்குக் கொடுத்த கதிர்வீச்சு ஆகியவையும் காரணங்களாம். நம் பட்டணத்தில் நீரிழிவைத் தனியே சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் கணக்கின்படி இத்தேசத்தில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேல். நாட்பட்ட நீரிழிவு நரம்புகளை மழுங்கச் செய்யும். அது போதாதென்று, அதற்காகப் பெரும்பாலோர் உட்கொள்ளும் மெட்ஃபார்மின் மாத்திரையே சிலருக்கு வயிற்றை இளகச் செய்கின்றது.

இனிப் பயிற்சியைப் பற்றி. ஆசனவாயை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும், உள்ளே மெல்லிய கருவியை வைத்துத் தசை இறுகும் அளவைத் திரையிற் காட்டிப் பழக்கும் பயோஃபீட்பேக் என்னும் முறையையும் முதலிற் கொடுப்பது உலகெங்கும் வழக்கம். அபாயமற்றது, பலருக்குப் பயன் தருவது. ஆயினும் எல்லோருக்கும் தருவதில்லை. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 300 ஸ்திரீகளிடம் செய்து வெளியிடப்பட்ட ஒரு சோதனையில், பயோஃபீட்பேக்குடன் பயிற்சி செய்தவர்களும், வெறுமனே ஒரு சிறு புத்தகத்தை வாங்கிப் படித்தவர்களும், 24 வாரங்களின் முடிவில் ஏறத்தாழ ஒரேயளவு குணமே அடைந்திருந்தனர். பயிற்சி வீண் என்று இதற்குப் பொருளில்லை. இரு சாராரும் ஓரளவு தேறியே இருந்தனர். பலன் கிட்டாதவர், தாம் சரியாகச் செய்யாததே காரணமென்று தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை என்பதை மட்டும் நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்கின்றோம். எமது தாயார் நான்கு மாதகாலம் நாள் தவறாமல் அப்பயிற்சியைச் செய்தார். பலனில்லை. அவரை முதலிற் பார்த்த இடத்தில், "வயதாகிவிட்டது, இதற்குமேல் ஒன்றுமில்லை, டயாபர் கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டனர்.

அவ்விடத்தில் நடந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே எமது தாயாரை ஒருவரும் விரலிட்டுப் பரீட்சை செய்யவில்லை. அச்சிட்ட தாளொன்றில் பயிற்சியின் படங்கள் இருந்தன. அத்தாளைக் கொடுத்ததோடு சரி. ஆகவே பயிற்சி தோற்றது என்று ஒருவர் சொல்லும்போது, தோற்றது பயிற்சியா, நோயை அறியும் முயற்சியே நடக்கவில்லையா என்பதை முதலிற் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவதாக நாம் சென்று கண்ட டாக்டர் அம்மையார் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். எத்தனை நாளைக்கொருமுறை, இளகியா இறுகியா, உணர்ந்தும் ஓடமுடியாமற் போகின்றதா அல்லது உணராமலே கசிகின்றதா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பின்னர், "பாட்டி, முதல் பிரசவம் எப்படி ஆயிற்று?" என்றார். எமது தாயார் எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, "இவன்தான் முதல். இரண்டு நாள் வலி. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். தையல் நிறையப் போட்டார்கள்" என்றார். பின்னர் எடுத்த அல்ட்ராசவுண்ட் படத்தில் வெளி வளையத்தின் முன்பக்கம் அறுபட்டிருப்பது தெளிவாகத் தெரிந்தது. எந்தப் பிள்ளை கூடத்தில் வைத்துக் கடிந்துகொண்டானோ, அந்தப் பிள்ளையைப் பெற்றதில் வந்த காயம் அது. வீடு திரும்பும்வரை ஆட்டோவில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பரீட்சைகள் யாவை என்று கேட்பீர்கள். விரற்பரீட்சை முதலாவது. பெரியவர்கள் பலருக்கு உள்ளே மலம் கட்டியாகி அடைத்துக்கொண்டிருக்க, அதன் பக்கவாட்டில் நீர்மலம் கசிந்துகொண்டிருக்கும். வீட்டார் அதைப் பேதி என்று நினைத்து நிறுத்துமருந்து கொடுப்பர். அடைப்பு மேலும் இறுகும். விரலை வைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் இதற்கு எந்த யந்திரமும் வேண்டியதில்லை. அடுத்தது ஆசனவாய்க்குள் வைத்தெடுக்கும் அல்ட்ராசவுண்ட். வளையம் முழுமையாக உள்ளதா அறுபட்டதா என்று காட்டும். மூன்றாவது, தசையின் இறுக்கத்தையும் குடலின் உணர்ச்சியையும் அளக்கும் மானோமெட்ரி. மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், மலம் போகும் வழக்கத்தில் அண்மையில் ஏற்பட்ட மாறுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் கொலனாஸ்கோபி செய்து புற்று இல்லை என்று அறிந்துகொள்ள வேண்டும். திடீரென்று மலம் அடங்காமற்போவதோடு, கால்கள் பலங்குன்றித் தொடையிடுக்கு மரத்தும் போகுமாயின், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம்.

எமது தாயாரின் விஷயத்தில் டாக்டர் அம்மையார் முதற்காரியமாகச் செய்தது ரணசிகிச்சையுமன்று, யந்திரமுமன்று. நீரிழிவு வைத்தியரோடு கலந்து மெட்ஃபார்மினை மாற்றினார். இரவு தோறும் மலச்சிக்கல் வரக்கூடாதென்று அவர் சாப்பிட்டுவந்த கடுக்காய்ப்பொடியை நிறுத்தச் சொன்னார். இதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாயின. மலத்தை இளக்கும் பொடியை ஒருபுறம் தின்றுகொண்டு, மறுபுறம் மலம் நிற்கவில்லை என்று நான்கு மாதம் பயிற்சி செய்திருக்கின்றோம்! சர்க்கரையில்லாத மிட்டாய் என்று தியாகராயநகர்க் கடைகளில் வாங்கி வந்துகொண்டிருந்தோமே, அவற்றுட் சிலவற்றிற் சேர்க்கும் சார்பிடால் என்னும் இனிப்பும் வயிற்றை இளக்குவதாம். விடியற்காலைக் காப்பி குடலை உந்துவது எல்லோரும் அறிந்ததே. அதை நிறுத்த எமது தாயார் ஒப்பவில்லை. ஆகையால் காப்பிக்குப்பின் ஒருமணி நேரம் வெளியே கிளம்புவதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டார். பித்தப்பையை எடுத்துவிட்டவர்களுக்குப் பித்தநீராலும், பால் செரியாதவர்களுக்குப் பாலாலும் இவ்வாறு இளகுவதுண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பரிகாரமும் உண்டு.

மலத்தைத் திரட்ட இசப்கோல் உமியும், குடலின் வேகத்தைக் குறைக்க லோப்பரமைடு மாத்திரையும் உபயோகமாகின்றன. இசப்கோல் மலச்சிக்கலுக்குத்தானே என்பர். அது நீரை உறிஞ்சிக்கொண்டு மலத்துக்குப் பதம் கொடுப்பதாகையால் இரண்டு பக்கமும் உதவும். லோப்பரமைடை வெளியே செல்லுமுன் வைத்தியர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளலாம். சிறிய அளவில் தொடங்குவதே முறை. உள்ளே மலம் அடைத்திருப்பவர்க்கு அது ஆகாது என்பதை மறத்தல் கூடாது. இம்மாறுதல்களால் மாத்திரமே, நாள்தோறும் நேர்ந்துகொண்டிருந்தது எமது தாயாருக்கு வாரத்துக்கு இருமுறையாகக் குறைந்தது. செலவு மிகச் சொற்பம்.

எஞ்சியதற்கு என்ன செய்வது? அங்கேதான் பலவழிகள் பிரிகின்றன.

முதலாவது நீரால் குடலைக் கழுவும் முறை. கழிப்பறையில் உட்கார்ந்தபடியே, மெல்லிய குழாயினாலோ கூம்பினாலோ வெதுவெதுப்பான நீரை மலக்குடலுக்குள் செலுத்தி, கீழ்க்குடலைக் காலிசெய்துவிடுவது. காலியான குடலிலிருந்து கசிவதற்கு ஒன்றுமிராதாகையால், அடுத்த நாள்வரை நிம்மதி. இதன் மூலதத்துவம் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களின் சிகிச்சையிலிருந்து நன்கு அறியப்பட்டதாகும். 1954இல் மோட்டார் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், சக்கர நாற்காலியிலிருந்தே ரணசிகிச்சை செய்து, 1966இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் புனர்வாழ்வு நிலையம் தோன்றக் காரணமாயிருந்ததை நம்மிற் பலர் அறிவர். மலம் தானாக வருமென்று காத்திராமல், குறித்த வேளையில் அதை வெளியேற்றி, மீதி நேரத்தை நமதாக்கிக்கொள்வது அத்தகைய நிலையங்களிற் கற்பிக்கப்படும் ஆரம்பப் பாடம். 2006ஆம் ஆண்டில் ஐரோப்பாவில், முதுகுத்தண்டு பழுதுபட்ட 87 பேரிடம் பத்து வாரம் சோதித்ததில், இவ்வாறு கழுவிக்கொண்டவர்களுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மலச்சிக்கலும் கசிவும் குறைந்தன. முதன்முறை பயிற்சிபெற்ற நர்ஸ் ஒருவர் அருகிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். குடற்புண், புற்று, அண்மையிற் செய்த ரணசிகிச்சை உள்ளவர்கள் செய்யலாகாது. மிக அபூர்வமாகக் குடல் துளைபடும் அபாயமும் உண்டு. வீட்டுக் குழாயைப் பிடித்துத் தாமே பரீட்சித்துப் பார்ப்பது அறவே கூடாது.

இரண்டாவது, நரம்புக்கு மின்தூண்டல். இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய சிறு பெட்டியைப் பிட்டத்தின் மேற்புறத் தோலுக்குக் கீழே வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியைத் திரிக எலும்பின் துவாரத்தின் வழியே நரம்பருகே செலுத்தி, இடைவிடாமல் மெல்லிய மின்துடிப்பைக் கொடுப்பர். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து மாட்சல் என்னும் ரணவைத்தியரும் அவருடன் இருந்தோரும் 1995இல் மூன்று நோயாளிகளுக்கு இவ்வாறு செய்ததை வெளியிட்டனர். அமெரிக்க அரசாங்கம் 2011இல் இந்நோய்க்கு இதை அங்கீகரித்தது. இதிலுள்ள பெருஞ்சிறப்பு யாதெனில், பரீட்சித்துப் பார்த்து வாங்கலாம் என்பதே. முதலிற் கம்பியை மட்டும் வைத்துப் பெட்டியை வெளியே மாட்டி, இரண்டு மூன்று வாரம் நாட்குறிப்பு எழுதச் சொல்வர். கசிவு பாதிக்குமேற் குறைந்தாற்றான் நிரந்தரப் பெட்டியை உள்ளே வைப்பர். இல்லையேல் கம்பியை எடுத்துவிடுவர். வளையம் சிறிது அறுபட்டிருப்பவர்க்கும் இது பலிக்கக் காண்கின்றனர். குறைகளும் உள: விலை லட்சங்களில் எண்ணப்படுவது, ரணத்தில் சீழ் பிடித்தால் எடுத்துவிட நேரும், பாட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டும். எல்லா ஆஸ்பத்திரிகளிலும் செய்வதுமில்லை. இன்ஷூரன்ஸ் உள்ளவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற்றுக்கொள்வது புத்திசாலித்தனம். கணக்கு வேலை பார்த்தவர் சொல்கின்றோம்.

இதைப்போலவே கணுக்கால் நரம்பில் ஊசி வைத்து வாரம் ஒருமுறை அரைமணி நேரம் வீதம் 12 வாரம் மின்சாரம் கொடுக்கும் முறையொன்று இருக்கின்றது. அலைச்சல் குறைவு, கத்தியில்லை என்று பலர் விரும்புவர். ஆயினும் பிரிட்டனில் 227 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்டபோது, மெய்யான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 38 பேரும், அதுபோல் நடித்துக் காட்டிய போலிச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 31 பேரும் பாதியளவு குணமடைந்திருந்தனர். இவ்வளவு சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. பன்னிரண்டு முறைக்கும் முன்பணம் கட்டச் சொன்னால் இந்த எண்களை நினைவிற்கொள்க.

ஆசனவாயின் சுவரில் கெட்டியான குழம்பொன்றை ஊசிமூலம் ஏற்றித் துவாரத்தைக் குறுகச் செய்வதும் உண்டு. 2011இல் 206 பேரிடம் செய்த சோதனையில் மருந்தேற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கும், போலி ஊசி பெற்றவர்களில் 31 பேருக்கும் கசிவு பாதியாகக் குறைந்தது. இது சொற்பக் கசிவு உள்ளவர்களுக்கே ஏற்றது.

ரணசிகிச்சையில், அறுந்த வளையத்தின் முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றித் தைப்பது பழைய முறை. பிரசவத்தில் அறுபட்டுச் சில மாதமோ சில ஆண்டோ ஆன இளந்தாய்மார்களுக்கு இது மிக நல்ல வழி. ஆயினும் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்துப் பார்க்கையில் பலன் தேய்ந்துபோகின்றது என்பதையும் அவ்வைத்தியர்களே ஒளிக்காமல் எழுதியுள்ளனர். எழுபத்தெட்டு வயதில் அதை எமது தாயாருக்கு டாக்டர் அம்மையார் சிபாரிசு செய்யவில்லை. மலக்குடல் வெளித்தள்ளியிருப்பவர்களுக்கு அதை உள்ளே ஏற்றிக் கட்டினாலே அடக்கம் திரும்புவதுண்டு. தொடைத்தசையைத் திருப்பிச் சுற்றிக் கட்டுவது இப்போது அருகிவிட்டது. காந்தமணிகளைக் கோத்த வளையமொன்று சில ஆண்டுகள் புகழப்பட்டுப் பின் விற்பனையே நிறுத்தப்பட்டது. புதிதென்று கேட்டவுடன் ஓடக்கூடாதென்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம். பிறவியிலேயே ஆசனவாய் சரியாக அமையாத குழந்தைகளுக்கு, குடல்வாலை வயிற்றுத்தோலிற் பொருத்தி மேலிருந்து நீர்விட்டுக் கழுவும் வழியை மலோன் என்னும் வைத்தியர் 1990இல் கண்டார். பள்ளி செல்லும் பல குழந்தைகளை அது காப்பாற்றியிருக்கின்றது.

கடைசியாக வயிற்றில் வழிவைத்துப் பையிலே மலத்தை வாங்கும் முறை. இதன் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் மரணத்தைக் கேட்டதுபோல் நடுங்குகின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்தைப் போன்ற இடங்களில் மலக்குடற்புற்றுக்குச் சிகிச்சை பெற்ற சிலர், இப்பையோடு காரியாலயம் போகின்றனர், பிரயாணம் செய்கின்றனர். பக்கத்தில் அமர்ந்திருப்பவர்க்குத் தெரிவதுமில்லை. வேறெதுவும் பலிக்காமல் அறைக்குள்ளேயே ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடப்பவருக்குப் பை ஒரு தோல்வியன்று. அதைக் கடைசியில் வைத்துச் சொல்வதும், சொல்லாமலே விடுவதும் வேறுவேறு. சொல்ல வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதை நோயாளி முடிவு செய்யட்டும்.

முடிவு செய்ய வேண்டியவர் நோயாளி என்றோம். எம் வீட்டில் அவ்வாறே நடந்தது. மின்தூண்டலைப் பற்றி விளக்கியபோது பணத்துக்கு நாம் ஏற்பாடு செய்வதாகவே சொன்னோம். எமது தாயார் இரண்டு நாள் யோசித்து, "தண்ணீர்தானே? அதை முதலில் பார்க்கிறேன். போதாவிட்டால் உன் பெட்டியை வைத்துக்கொள்கிறேன்" என்றார். நர்ஸ் ஒருவர் நான்குமுறை வந்து கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு வாரம் அழுதார். இப்போது காலையில் நாற்பது நிமிஷம் அவருக்கென்று ஒதுக்கப்பட்டது; அந்நேரத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாரத்துக்கு இருமுறையாக இருந்தது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றாயிற்று. அந்த ஒருமுறையும் வராதிருக்குமாறு செய்ய இயலவில்லை.

சில சிறு விஷயங்கள். தோலைச் சோப்பாலும் டெட்டாலாலும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வது பலர் செய்யும் தவறு. வெறும் நீரால் கழுவி, ஒற்றியெடுத்து, துத்தநாகக் களிம்பைத் தடவினால் போதும். நீரால் கழுவும் நம் வழக்கம் இந்நோயில் ஒரு பாக்கியமே. கைப்பையில் மாற்றுத்துணி, ஒரு சிறு பை, ஈரத்துணி இவை இருந்தால் பாதிப் பயம் போய்விடும். படுக்கையிலேயே இருக்கும் முதியோருக்கு, 2021இல் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்ந்திருக்கின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். வீட்டார் செய்யவேண்டியதில் முக்கியமானது எதுவென்றால், நாமே கெடுத்ததைச் சொல்லிவிட்டோம். இனி விரிக்க வேண்டுவதில்லை.

சென்ற பங்குனியில் அறுபத்துமூவரன்று எமது தாயார் வடக்கு மாடவீதிக்கு வந்தார். முன்னதாகவே அவ்வீதியில் ஒரு சிநேகிதர் வீட்டுக் கழிப்பறையைச் சொல்லிவைத்திருந்தோம். அவருக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் இருக்கின்றது என்று தெரிந்ததனால்தான் மூன்று மணி நேரம் நிற்க முடிந்தது என்றார்.

இனி, அவர் இன்று இங்கு வராத காரணம். இக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கழிப்பறை இரண்டு உள. ஒன்று குந்தி உட்காரும் விதமானது; முழங்கால் மடங்காதவர்களுக்கு உதவாது. மற்றொன்று மேனாட்டு முறையிலானது. விசேஷ விருந்தினருக்கென்று அதைப் பூட்டி, சாவியை மேலாளர் வைத்திருக்கின்றார். அவர் பெரும்பாலும் மாடியில் இருப்பார். சென்ற தைமாதக் கூட்டத்துக்கு வந்த எமது தாயார், சாவி வரும்வரை காத்திருக்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பினார். வழியில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. நமது சங்கத்துக்கு நாம் விண்ணப்பித்துக்கொள்வது இவ்வளவே: அப்பூட்டை எடுத்துவிட வேண்டும். உள்ளே சுவரில் ஒரு கைப்பிடியும், மூடியுள்ள குப்பைத்தொட்டியும், கைக்குழாயும் வைக்க வேண்டும். கூடத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி ஒரு பலகை எழுதி மாட்ட வேண்டும். வழி கேட்பதற்குக் கூசியே பலர் வருவதில்லை. இவற்றுக்காகும் செலவை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு எமது தாயாரை அழைத்து வரலாமா என்பதை அக்கிராசனர் அவர்கள் கூட்டம் கலைவதற்குள் தெரிவித்தால், வீட்டுக்குப் போனதும் அவரிடம் சொல்லிவிடுவோம்.